யூ-டர்ன் அண்ணா ஆர்ச் பார்க்கப் போன கதை

அமெரிக்காவுக்குப் போய் முன்னேறியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருப்பார்கள். திரும்பித் திரும்பி வந்தே முன்னேறியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர் லேண்டில், எங்கள் அபார்ட்மெண்டுக்கு நேர் எதிரே குடியிருந்தார். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் யூ-டர்ன் அண்ணா.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே?' என்று கேட்கக்கூடாது, கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று நம் ஊரில் சொல்வார்கள். கேட்டே தீரவேண்டுமென்றால் 'தூரமா?' என்று நாசூக்காகக் கேட்கலாம். யாராவது தப்பித் தவறி 'எங்கே' என்று கேட்டுவிட்டால் நாமெல்லாம் மனசுக்குள் அவரை நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அண்ணா அப்படியில்லை. கேட்ட இடத்திலேயே திரும்புவார். கடைசியாக எந்த வாசலைத் தாண்டினாரோ அங்கே போய், உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முதலிலிருந்து கிளம்புவார். எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை டம்ளர்.

இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு கோபிச்செட்டிபாளையத்தில் குடித்தனம் பண்ணலாம். அமெரிக்காவில் முடியுமா? அங்கே முன்பின் தெரியாதவன்கூட முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு கேட்கிற முதல் கேள்வியே 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்பதுதான். அதிலும் டெக்சாஸ்காரர்களுக்கு அன்பு கொஞ்சம் ஜாஸ்தி. லிஃப்டில் கேட்பார்கள், பெட்ரோல் போடும் இடத்தில் கேட்பார்கள், சிக்னலில் பக்கத்துக் காரின் கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள். அண்ணாவின் அலுவலகம் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். அவர் தினமும் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவார்.

நான் கல்யாணமாகிப் போய் இறங்கிய மறுநாள் காலை. பால்கனியில் நின்றேன். கீழே நம் ஊர் முகம் ஒன்று காரை நோக்கிப் போவதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன சார், எங்க, ஆபீஸுக்கா?" என்று கூவினேன். அவர் நின்றார். என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். திரும்பி மாடி ஏறிப் போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தார். எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போனார் என்று நினைத்து, "மறுபடியும் எங்க சார்?" என்றேன். மறுபடி மாடி ஏறினார். மூன்றாம் முறை அவர் மனைவி மல்லிகா அக்கா முதலில் வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கண்ணு, நீ யாருன்னு தெரியல. தயவு பண்ணி உள்ளார போயிரு. இன்னிக்கு அவருக்கு மீட்டிங்கு."

டெக்சாஸுக்கு வருமுன் அவர்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தார்கள். அந்த மாநிலத்துச் சாலைகளில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. ஒருமுறை இப்படித்தான் திருப்ப இடம் தேடிப் போய்க்கொண்டே இருந்தவர் பென்சில்வேனியாவில் போய் இறங்கினாராம். அதற்குப் பிறகுதான் ஹூஸ்டனில் வேலை தேடினார். அங்கே ஃப்ரீவே பாலங்களுக்கு அடியில் யூ-டர்ன் அடிப்பதற்கென்றே தனி லேன் உண்டு. சிக்னலில்கூட நிற்க வேண்டாம். "இந்தூரு என்னைய மாதிரி ஆளுங்களுக்குன்னே கட்டுனதுங்க" என்று பாலத்தைக் காட்டிப் பெருமைப்படுவார். எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் டிசைன் பண்ணுகிறவர். அந்தக் குழாய்களில் எண்ணெய் ஒழுங்காக முன்னோக்கித்தான் போனதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

இப்படிப்பட்ட மனிதரோடு நாங்கள் ஏன் மலையும் பள்ளத்தாக்குமாக நடக்கப் போனோம்? மல்லிகா அக்காவுக்காகப் போனோம்.

யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் என்று ஒரு தேசியப் பூங்கா. அங்கே நாலு மாடி உயரத்துக்கு ஒரு கல் வளைவு தன்னந்தனியாக நிற்கிறது. டெலிகேட் ஆர்ச் என்று பெயர். அதை நேரில் பார்க்கவேண்டும் என்பது அக்காவின் ஒரே ஆசை. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, ஒரு ஓட்டையுள்ள பாறையைக் கேட்டார். இரண்டு தடவை அழைத்துப்போனார் அண்ணா. இரண்டு தடவையும் பாதி மலையில் யாரோ 'எங்கே?' என்று கேட்க, அடிவாரத்தில் நிறுத்திய கார் வாசல்வரை இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறி, மறுபடி யாரோ கேட்க, அக்காவின் முழங்கால் போனதுதான் மிச்சம். இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்தப் பாதை வேறெங்கேயும் போகாது. ஆர்ச்சுக்கு மட்டும்தான் போகும். அதில் நின்றுகொண்டு ஒருவன் 'எங்கே போறீங்க' என்று கேட்டால் அவனை என்ன செய்வது?

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் அக்கா என்னிடம் வந்தார். "ஜூன்ல ஊருக்கே போயிர்றோம் கண்ணு. அவரோட அப்பாவுக்கு முடியல, இனி இந்தப் பக்கம் வரமாட்டோம். கடைசியா ஒருக்கா போலாம்னு இருக்கு. நீங்களும் வந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"நீங்க மட்டும் மேல போய்ப் பாத்துட்டு வரலாமே அக்கா? அவர் பாட்டுக்கு இறங்கட்டும், ஏறட்டும்."

"அவரு பக்கத்துல இல்லாம அதப் பாத்து நான் என்ன பண்றது?" என்றார் அக்கா. அன்று மாலையே என் வீட்டுக்காரரை லீவ் அப்ளை பண்ணச் சொன்னேன்.

முதல் கண்டம் ஹூஸ்டன் விமான நிலையத்திலேயே வந்தது. டிக்கெட் கவுண்டரில் இருக்கிற பெண் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? அது அவள் உத்தியோகம். ஆனால் அக்கா பழுத்த அனுபவசாலி. பத்தடி தூரத்தில் வரும்போதே, அந்தப் பெண் வாயைத் திறக்குமுன், "லாஸ் வேகாஸ்! லாஸ் வேகாஸ்! ஃபோர் பீப்பிள்!" என்று பஸ் கண்டக்டர் மாதிரி கூவிக்கொண்டு ஓடினார். அந்தப் பெண் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டாள். அண்ணா முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் வாக்மேனோடு நின்றார். அதில் பாட்டரி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

லாஸ் வேகாஸில் வேன் வாடகைக்கு எடுத்து, யூட்டாவுக்குள் நுழைந்து, முதலில் ஸயான் என்ற பூங்காவுக்குப் போனோம். குளிர் முடிந்து வசந்தம் தொடங்கியிருந்தது. ஆற்றோரத்து மரங்களில் அப்போதுதான் இலை விட்டிருந்தது, பின்னால் செங்கல் நிறத்தில் வானம்வரை மலை. என் வாழ்க்கையில் அவ்வளவு பச்சையையும் சிவப்பையும் சேர்த்து அதற்கு முன் ஒரு கல்யாணப் புடவையில்தான் பார்த்திருந்தேன். அங்கே நாங்கள் இரண்டு மைல் நடந்தோம். அண்ணா எட்டு மைல் நடந்தார். எதிரே வந்த ஒவ்வொரு குடும்பமும் அவரை அன்போடு விசாரித்தது. மாலையில் அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த அபார்ட்மெண்டிலேயே உடம்பைக் கட்டாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பிரைஸ் கேன்யன். அங்கே பள்ளத்துக்குள் இறங்கவேண்டும். ஊசி ஊசியாக ஆயிரக்கணக்கான ஆரஞ்சுத் தூண்கள், அவற்றின் நிழலில் கரையாத பனி. கஷ்டப்பட்டு அடிவரைக்கும் இறங்கிவிட்டோம். அங்கே ஒரு பெரியவர் தொப்பியைத் தூக்கி, "வேர் யூ ஃபோக்ஸ் ஹெடட்?" என்று அதே கேள்வியைக் கேட்டார். அண்ணா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வந்த வழியே ஏற ஆரம்பித்தார். பெரியவர் பதறிப்போனார். தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதாக நினைத்து அண்ணாவின் பின்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரும் ஏறினார். நாங்கள் மூவரும் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து தட்டை தின்றோம். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி வந்தார்கள். பெரியவர் கையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"சாருக்கும் வெளக்கமாச் சொல்லிப்போட்டேன். நெம்ப நல்ல பழக்கம்னாருங்க" என்றார் அண்ணா.

அங்கிருந்து ஆர்ச்சஸ் போகிற வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஓட்டினார், அண்ணா முன்சீட்டில் தூங்கினார். பின்சீட்டில் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்க ஒரு தடவைகூட அவர திட்டினதில்லையா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். "எப்படிக் கண்ணு திட்டறது? கல்யாணத்துக்கு முந்தி பொள்ளாச்சியில ஒரு புள்ளையப் பாக்கக் கெளம்புனாரு. பஸ் ஸ்டாண்டுல ஒரு பெட்டிக்கடைக்காரரு 'எங்க மாப்ள?'ன்னு கேட்டுப்போட்டாரு. இவரு ஊட்டுக்குத் திரும்பிட்டாரு. பஸ்ஸு போயிருச்சு. அந்த நேரம் பாத்து தரகரு என்ற ஜாதகத்த எடுத்துட்டு அவிய ஊட்டுக்குள்ள வந்தாரு. அன்னிக்குப் புடிச்ச பழக்கம்தான் இது. திரும்புனா நல்லது நடக்கும்னு மனசுல உழுந்துருச்சு. திட்டுனா என்னையே திட்டிக்கிற மாதிரியில்ல?"

நாங்கள் போகிற ரோட்டில் முன்னால் போன கார்களின் நம்பர் பிளேட்டுகளிலெல்லாம் அந்த ஆர்ச் படம் போட்டிருந்தது. யூட்டாக்காரர்கள் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள். அக்கா ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டே வந்தார். "மாட்டு லாரி பின்னாடிகூட இருக்குது. எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார். அவ்வளவு லேசாகத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அக்கா பார்க்காமல் திரும்பக்கூடாது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை, அடிவாரத்தில் காரை நிறுத்தியதும், தண்ணீர் பாட்டில்கள் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, தடித்த மார்க்கரால் ஆங்கிலத்தில் எழுதினேன். 'தயவுசெய்து எங்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். தூரமா என்று கேட்கலாம்.' இரண்டு ஓட்டை போட்டு ஷூ லேஸைக் கோர்த்து அண்ணாவின் கழுத்தில் மாட்டினேன்.

"ஏனுங், என்ன இது? நான் என்ன ஸ்கூல் பஸ்ஸா, போர்டு மாட்டறதுக்கு?"

"பேசாம நடங்கண்ணா. அக்காவுக்கு இன்னிக்கு விட்டா வேற நாள் கிடையாது. அவங்க முட்டி ஒரு தடவைதான் தாங்கும். இறங்கி ஏறுற வேலையே இருக்கக்கூடாது."

அவர் அக்காவின் முழங்காலைப் பார்த்தார். சுடிதாருக்கு மேலேயே இரண்டு முட்டியிலும் கட்டுப் போட்டிருந்தது. போர்டை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் அமெரிக்காவில் கழித்த சந்தோஷமான மணி நேரங்களில் ஒன்று. எதிரே இறங்கி வந்த முதல் ஜோடி போர்டைப் படித்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பயபக்தியோடு, "கோயிங் ஃபார்?" என்றான்.

அண்ணா பூரித்துப்போனார். பத்து வருஷமாக அந்த தேசத்தில் அவரிடம் ஒருவர் முறைப்படி கேட்டது அதுதான் முதல் தடவை. "யெஸ் சார்! வெரி ஃபார்!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அதற்குப் பிறகு மலையெல்லாம் அதே பேச்சு. இறங்குகிறவர்கள் தூரத்திலிருந்தே கத்தினார்கள். "கோயிங் ஃபார்?" "வெரி ஃபார்!" ஒரு கல்லூரிக் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கேட்டுவிட்டு ஆரவாரம் செய்தது. ஒரு அம்மாள் காரணம் கேட்டாள். அண்ணா நின்று விளக்கினார். பெட்டிக்கடை, பொள்ளாச்சி பஸ், ஜாதகம், எல்லாம். அவள் மல்லிகா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் புருஷனிடம், "இனிமேல் நான் வெளியே கிளம்பும்போது நீயும் கேட்கக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் புருஷனுக்கு அண்ணாவால் என்ன கதி வந்ததோ, தெரியாது.

வழுவழுவென்று சாய்ந்த பெரும் பாறை, நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. அக்கா பத்தடிக்கு ஒருமுறை நின்றார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. ஆனாலும் ஏறினார். கடைசியில் பாறையைக் குடைந்த ஒரு ஒடுக்கமான வழி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். அதன் முடிவில் ஒரு திருப்பம், அதைத் தாண்டினால் ஆர்ச். அதுவரை கண்ணிலேயே படாது. இன்னும் ஐம்பது அடி இருக்கும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், அண்ணா பின்னால், நாங்கள் அவருக்குப் பின்னால்.

எதிரே ஒரு கிழவி வந்தாள். எண்பது வயது இருக்கும், கையில் கோல். அண்ணாவின் நெஞ்சில் தொங்கிய போர்டைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கண்ணாடியைக் காரில் வைத்துவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது, ஹனி?" என்றாள் ஆங்கிலத்தில்.

அப்பாடா என்று நான் மூச்சை விட்டேன். படித்துச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "சரி, அது கிடக்கட்டும். நீங்களெல்லாம் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேவிட்டாள்.

அவ்வளவுதான். அண்ணாவின் வலது கால் எடுத்த இடத்தில் அந்தரத்தில் நின்றது. காது நுனி சிவந்துபோனது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கிழவியைப் பள்ளத்தில் தள்ளிவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அது பாவம் என்று உடனே அடக்கிக்கொண்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். அழவில்லை. கோபப்படவும் இல்லை. மெல்லச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"பரவால்லீங்க. போயி தண்ணி குடிச்சுப்போட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறேன். என்னால எறங்க முடியாதுங்க."

அண்ணா கீழே வந்த வழியைப் பார்த்தார். அக்காவின் முழங்காலைப் பார்த்தார். நெஞ்சில் தொங்கிய அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும், அந்த மனிதருக்கு அது விளையாட்டில்லை. முன்னால் ஒரு அடி வைத்தால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நிஜமாகவே பயந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஸயானில் எட்டு மைல் நடந்தபோது வராத வியர்வை.

பிறகு அந்தக் கால் இறங்கியது. முன்பக்கமாகத்தான் இறங்கியது.

"எந்திரி மல்லிகா, போலாம்" என்றார். "காத்து நெம்ப பலமா அடிக்குது. அந்தம்மா என்னமோ சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் காதுல உழுகல."

அன்று ஒரு இலைகூட அசையவில்லை. அசைய அங்கே இலையும் கிடையாது. அக்கா அவரையே பார்த்தார். அவர் கையை நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டு எழுந்தார். கிழவி ஒன்றும் புரியாமல் ஒதுங்கி வழிவிட்டாள். என் வீட்டுக்காரர் அவளுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார்.

திருப்பத்தைத் தாண்டினோம். எதிரே ஒரு பெரிய பாறைக் கிண்ணம், அதன் விளிம்பில் அந்தச் சிவப்பு வளைவு, அதற்குள்ளே தெரிகிற தூரத்து மலைகளில் வெள்ளை வெளேரென்று பனி. இதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை. அக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார், சிரித்தார், மறுபடி துடைத்தார். பிறகு சட்டென்று அண்ணாவின் பக்கம் திரும்பி, முதுகில் ஒன்று போட்டார்.

"இத்தன வருசமா இந்தக் காது இப்படி இருந்திருக்கக்கூடாதா?"

அண்ணா குழந்தை மாதிரி சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். அக்கா ஆர்ச்சுக்கு அடியில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். நான் ஒரு ஃபிலிம் ரோல் முழுவதையும் அங்கேயே தீர்த்தேன்.

இறங்கும்போது அண்ணா, "கோயிங் ஃபார்?" என்று கேட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா இளம்பெண் மாதிரி வழியில் பூத்திருந்த பூவையெல்லாம் காட்டிப் பேசிக்கொண்டே முன்னால் போனார். அண்ணா அவருக்கு ஒரு அடி பின்னால் நடந்தார். அவருடைய வலது கை நீண்டு, அக்காவின் முதுகைத் தொடாமல், அவர் வழுக்கினால் பிடிப்பதற்குத் தயாராக, அடிவாரம் வரைக்கும் அப்படியே இருந்தது. ஒரு இடத்தில்கூட அவர் அதைக் கீழே போடவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இறங்கி வந்தவள், ஆர்ச்சைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்ததை மறந்தேபோனேன்.